நடு ஊரில் ஓர் அறை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஏப்ரல் மாதத்தில், இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் நடந்தது இது. அப்போது நான் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் ஒரு மாதம் என்னோடு வந்து இருக்கச் சொல்லியிருந்தேன். வயலில் உளுந்து எடுத்த கையோடு இருவரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

வந்த ஒரு வாரத்தில் அப்பாவுக்குச் சலித்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து உன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்டார். எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் விடுப்புதான். ஃப்ளாரன்ஸ் போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

ஹோட்டல் தேடுவதில்தான் என் பொழுதெல்லாம் போனது. கூட வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வெளியே தங்கச் சொன்னார்கள். வாடகை குறைவு, அறை பெரிது, டிராம் இருக்கிறது என்றார்கள். நான் எதையும் காதில் வாங்கவில்லை. அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, ஊருக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கணக்கு.

காரணம் இருந்தது. எங்கள் தெரு ஊருக்குள் இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரேஷன் கடை, தபால் ஆபீஸ், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் எல்லாம் ஊருக்குள். மழைக்காலத்தில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்துதான் நான் படித்தேன். தாத்தா பண்ணையாள். கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்து அடி வாங்கியவர். அப்பா காலத்தில் மனைப்பட்டா வந்தது, அதுவும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமேதான். என் காலத்தில் அரசாங்கத்து சைக்கிள் வந்தது, லேப்டாப் வந்தது, முதல் பட்டதாரிச் சலுகையில் கல்லூரியும் வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான்தான். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் சாமி புறப்பாடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வாய்க்கால் மதகு வந்ததும் திரும்பிவிடும். நாங்கள் எங்கள் கரையில் நின்று கும்பிட்டுக்கொள்வோம்.

அதனால்தான் ஃப்ளாரன்ஸில் பெரிய தேவாலயத்தை ஒட்டிய சதுக்கத்தில் ஒரு பழைய ஹோட்டலைப் பிடித்தேன். நடு ஊர்தானே, நிச்சயமாக நடு ஊர்தானே என்று திரும்பத் திரும்ப எழுதிக் கேட்டேன். ஜன்னலைத் திறந்தால் தேவாலயம் தெரியும் என்று முதலாளி சலிக்காமல் பதில் எழுதினார். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வயதுக்கு வந்த நாளிலிருந்து நடவு வயல் சேற்றில் நின்ற கால்கள். சமதரையில் மெல்ல நடந்துவிடுவாள், படி என்றால் முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் நடு ஊர் கிடைத்த சந்தோஷத்தில் மற்றது எதுவும் தோன்றவில்லை.

ஸ்டேஷனில் இறங்கி, கல் பாவிய தெருக்களில் பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனோம். அப்பா வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், அம்மா புடவைக்கு மேல் என் குளிர் கோட்டு. சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்த அம்மா, இதைவிட நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் உயரமில்லையா என்று கேட்டாள். அப்பா, "ஒசரம் கெடக்கட்டும் புள்ள, சுத்தி நடக்க எவ்வளவு எடம் விட்டிருக்கான் பாரு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஹோட்டல் வாசலோடு சரி. அறைகள் மூன்றாவது மாடியில். கீழே சின்னதாக ஒரு வரவேற்பு மேசை, அதற்குப் பின்னால் குறுகலான கல் படிகள். லிஃப்ட் கிடையாது.

முதலாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது. தொப்பையும், நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். அம்மா நடந்து வந்ததைப் பார்த்ததுமே அவர் முகம் வாடிவிட்டது. அவர் தம்பிக்கு இன்னொரு ஹோட்டல் இருக்கிறதாம். தரைத்தளத்திலேயே பெரிய அறை, அதே வாடகை, தானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பக்கம்தான், பாலத்தைத் தாண்டினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றார்.

நான் அதை அப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

அப்பா உடனே பெட்டியைத் தூக்கிவிட்டார். "அதுக்கென்ன பாப்பா, போவோம். அந்தப் பக்கம்னா நமக்குப் புதுசா?" அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அறை எப்படியிருக்குமோ என்று நான் யோசிப்பதாக நினைத்து, அவர் கைபேசியில் படங்களைக் காட்டினார். நிஜமாகவே அது அருமையான இடம். தோட்டம், ஊஞ்சல், தொட்டிகளில் எலுமிச்சைச் செடிகள். அம்மாவும் எட்டிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கிறது, காய்கூடப் பிடித்திருக்கிறதே என்றாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா அது ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒரு தடவையாவது நீயும் அப்பாவும் நடு ஊர்ல தூங்கி எழுந்திரிக்கணும்னுதான் இத புடிச்சேன்" என்றேன். கடைசி வார்த்தை வருவதற்குள் குரல் உடைந்துவிட்டது. அம்மாவைப் படியேற்றவும் முடியாது, அந்தப் பக்கம் கூட்டிப் போகவும் மனது வராது. இரண்டு நாள் பயணம் வாசலிலேயே நின்றுவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "இத ஏன்டி மொதல்லயே சொல்லல? கோயிலு பக்கம்னு நீ புடிச்சேன்னுல்ல நெனச்சேன்" என்றாள். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அந்த அண்ணங்கிட்ட காலு உறுதியா ஒரு நாற்காலி கேளு."

முதலாளிக்கு நான் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அப்படித்தான், அதனால்தான் அத்தனை முறை எழுதிக் கேட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். உள்ளே போய், கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். வாசலுக்குப் போய்ப் பக்கத்துக் காபிக் கடைக்காரரை ஒரு சத்தம் போட்டு அழைத்தார்.

அம்மா உட்கார்ந்தாள். முதலாளியும் கடைக்காரரும் மேலே நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ள, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே நின்று முன்கால்களைப் பிடித்தார். நான் பெட்டியோடு பின்னால் போனேன். முதல் சில படிகளுக்கு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க, கீழ போட்றாதீங்க."

"ஒன்னப் போட்டுட்டு நான் யாருகிட்டப் போயி சோறு கேக்குறது?"

முதல் மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். முதலாளி இத்தாலிய மொழியில் என்னவோ சொல்லிச் சிரித்தார். அப்பா அதற்குத் தமிழில் பதில் சொன்னார். கடைக்காரர் இருவருக்கும் தலையாட்டினார். மறுபடி தூக்கினார்கள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், எதிரே ஓர் இளம் ஜோடி இறங்கி வந்தது. படியோ குறுகல். அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்பா திருவிழாக் குரலில், "வழி விடுங்க, வழி விடுங்க, ஆத்தா வர்றா" என்றார். என்ன புரிந்ததோ, இருவரும் சுவரோடு ஒட்டி நின்று கை தட்ட ஆரம்பித்தார்கள். அதுவரை பயந்துகொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்தாள். முதுகை நிமிர்த்தினாள். வலது கையைத் தூக்கி இருவரையும் ஆசீர்வதித்தாள். எனக்குச் சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது மாடியில் நாற்காலியிலிருந்து இறங்கி நின்றதும் அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். எங்கள் பக்கம் முதல் நாற்று நடும்போதும், சாமி புறப்படும்போதும் பெண்கள் இடும் குலவை. அந்தக் கல் கட்டடம் முழுக்க அது எதிரொலித்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. முதலாளி நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மதகுல திரும்பிப் போற சாமி இன்னிக்கு மாடி ஏறிருச்சு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் துடைத்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த நாள் அம்மாவை ஒரே ஒரு முறைதான் கீழே இறக்கினோம், தேவாலயத்தைச் சுற்றிக் காட்ட. மற்ற நேரமெல்லாம் அவள் ஜன்னலோரம் அதே நாற்காலியில்தான் இருந்தாள். இறங்க வேண்டிய தேவையே வரவில்லை. கல்யாண ஊர்வலம், குதிரை வண்டி, வயலின் வாசிக்கிறவர், பள்ளிப் பிள்ளைகள் என்று அந்த ஊரே அவளுக்குக் கீழே வந்து போய்க்கொண்டிருந்தது. காபிக் கடைக்காரர் கீழிருந்து கையசைப்பார், அம்மா மேலிருந்து அசைப்பாள். கொண்டுவந்த கைமுறுக்கில் பாதி அவருக்கும் முதலாளிக்கும்தான் போனது. எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் அந்தக் காலோடு அவள் பார்த்திருக்கப்போவது எலுமிச்சையை மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பியதும் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, இத்தாலியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்களாம். "நான் எங்க பாத்தேன்? ஊரே என்னத்தான் பாத்துச்சு" என்றாளாம் அம்மா. அப்பா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் அறை எடுத்தாலும் லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், நடு ஊரா என்பது அதற்குப் பிறகுதான். எங்கள் ஊர்ப் புறப்பாடு இன்னும் மதகோடுதான் திரும்புகிறது, கேள்விப்படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தின் பின்னாலேயே, நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கையைத் தூக்கியபடி அம்மா படியேறுவதும் கண்ணில் வந்துவிடுகிறது. வாய்க்காலைத் தாண்டி வர வேண்டியது நாங்கள் இல்லை, அந்தச் சாமிதான் என்று அப்போது எனக்குத் தோன்றும்.