யானை தின்னாத மரம்

காகித ஆலையில் சமூகப் பொறுப்பு அதிகாரி என்றால், மரம் வெட்டுகிற கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக மரம் நடச் சொல்கிறவன் என்று பொருள். நான் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, "அது சரி, உங்க நிஜமான வேலை என்னங்க?" என்றார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

ஒரே கேள்வி

ஓசூர் பக்கம் காட்டை ஒட்டிய ஜவளகிரிக்கு வேன் நிறையத் தைலமரக் கன்றுகளோடு போனேன். "தண்ணியெல்லாம் உறிஞ்சிடும்" என்று ஊரார் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பதால் நானும் வாதாடவில்லை.

லட்சுமம்மா மட்டும் வேனருகே வந்தார். கணவர் இறந்துவிட்டார், மகளை ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தார். காட்டோரத்து நிலத்தில் ராகி போட்டு, கதிர் முற்றியதும் யானைக்குப் பயந்து பரணில் தனியாகக் காவல் இருப்பவர். விலையைப் பற்றியோ மானியத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. கன்று ஒன்றைக் கையில் எடுத்துக் கேட்டார்: "இத யானை திங்குமா சார்?"

அக்காவின் தூக்கம்

தின்னாது என்று நான் சொன்னதும், ராகியை விட்டுவிட்டு நிலம் முழுக்கத் தைலமரமே வைத்துவிட்டார். மரங்கள் ஆளுயரம் தாண்டி வளர்ந்த பிறகு மறுபடி போனேன். லட்சுமம்மா பரணைப் பிரித்து விறகாக்கியிருந்தார். காபி கொடுத்து, "இப்பத்தான் சார் ராத்திரியில தூங்கறேன்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெளியே வந்தால், பக்கத்து நிலத்துக்காரர் மாதப்பா வரப்பில் நின்றிருந்தார். யானைகள் பகலெல்லாம் தைலமரங்களுக்குள் ஒதுங்கி நின்று, இருட்டியதும் நேரே அவர் ராகியில் இறங்குகின்றனவாம். மரம் வைத்ததிலிருந்து அவர் லட்சுமம்மாவிடம் பேசுவதில்லை. என்னிடம் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். கண் சிவந்திருந்ததே தவிர, குரல் உயரவில்லை. "அக்கா தூங்கறாங்க சார். அவங்களுக்கும் சேத்து நான் முழிச்சிருக்கறேன்."

நிபந்தனை

ஓசூர் ஆபீஸுக்குத் திரும்பி, யானை மரத்துக்குள் ஒதுங்கவும் ராகியில் இறங்கவும் முடியாதபடி இரண்டு நிலத்துக்கும் சோலார் மின்வேலி கேட்டேன். எங்கள் மேலாளர் மோசமான மனிதரல்ல. ஆனால் நம் மரத்தை வைத்தவர்களுக்கு மட்டும்தான் வேலி என்பது திட்டத்தின் விதி. லட்சுமம்மாவுக்குப் போடலாம், மாதப்பாவும் தைலமரம் வைத்தால் அவருக்கும் போடலாம்.

அந்தச் சேதியைச் சொல்ல வேண்டியவன் நான்தானே. மாதப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்புறம் களி கிண்ட என்னத்த போடறது சார், உங்க பேப்பரையா?"

பேனருக்கு முன்னால்

வேலி போட ஆட்கள் வந்த அன்று, படம் எடுப்பதற்காகத் தலைமை அலுவலகத்துப் பெரியவர்களும் வந்தார்கள். சால்வை தயார், பேனர் தயார். லட்சுமம்மா மட்டும் பேனர் பக்கம் வரவில்லை. "கம்பிய மாதப்பன் நெலத்தையும் சேத்துச் சுத்துங்க. இல்லன்னா எனக்கும் வேலி வேணாம், போட்டோவும் வேணாம்" என்று தள்ளியே நின்றுவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே வியர்வை. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்க, மேலாளர் என்னைப் பார்த்தார். மாதப்பா வந்து, கம்பிச் சுருளின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். மறுபக்கத்தை லட்சுமம்மா பிடித்தார். இரண்டு நிலத்தையும் சேர்த்தே வேலி சுற்றி வந்தது. மேலாளர் என் காதருகே குனிந்தார்: "ரிப்போர்ட்ல 'சமுதாய வேலி'ன்னு போட்டுடுப்பா."

ஒரு போன்

அந்த முறை மாதப்பா ராகியை முழுசாக அறுத்தார். அக்காவோடு பேச்சும் திரும்பியது. இதையெல்லாம் ஆபீஸில் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். குரலில் கோபமில்லை, அலுப்பு மட்டும்தான். "மரம் குடுக்கற கம்பெனிங்களா? உங்க யானை இப்ப எங்க ஊருக்கு வந்திருக்குதுங்க சார்."

ஒரு ஊரைத் தூங்கவைத்தால் அடுத்த ஊர் நம்மை எழுப்பிவிடும், அவ்வளவுதான் இந்த வேலை.