ஒரே பட்டனை அழுத்திய இருவர்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் எனக்கு, சொந்தமாக ஒரு பாட்டுக்கு இசையமைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கீபோர்டு வாங்க பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றுக்குப் போனேன்.

"ஒர்க்ஸ்டேஷன் வகை கீபோர்டு வாங்கினா ஒவ்வொண்ணையும் நீங்களே வாசிச்சு சேர்க்கணும் அண்ணே. அரேஞ்சர் வகை எடுங்க லா. தாளத்துக்கு ஒரு பட்டனை அழுத்திட்டு, மூணு கட்டையைச் சேர்த்து கோர்ட் பிடிச்சா போதும், டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதுவே வாசிக்கும்" என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன்.

அதில் நான் அமைத்த முதல் பாட்டைக் கிள்ளான் பாடகி கவிதா அருமையாகப் பாடி, இணையத்தில் போட்டார். மறுநாளே ஒருவர் எழுதியிருந்தார்: "இது வேற ஒருத்தரோட மியூசிக். அப்படியே திருடிட்டாங்க."

அவர் குறிப்பிட்டிருந்த பாட்டைத் தேடிக் கேட்டேன். மெட்டு வேறு. ஆனால் தொடக்க இசையும் தாளமும் அச்சு அசலாக ஒன்றே. அதற்கு இசையமைத்தவரும் இதே கீபோர்டில், தொடக்க இசையும் தாளமும் ரெடிமேடாக வரும் இதே பட்டனைத்தான் அழுத்தியிருக்கிறார்.

கவிதாவிடம் விளக்கினேன். "எனக்குப் புரியுது அண்ணே. கேக்குறவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது? என் பேருதான் கெடுது" என்று பாட்டை நீக்கிவிட்டார். பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. என் மனைவிகூட, "மெட்டாவது உங்களோடதுதானே?" என்று கேட்டாள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

இப்போது பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றில் டிரம்ஸிலிருந்து எல்லாவற்றையும் நானே வாசித்துப் பதிவு செய்கிறேன். கல்யாண மேடைக்கு அரேஞ்சர் போதும். சொந்தப் பாட்டுக்கு அதன் ரெடிமேட் தாளத்தை நம்பாதீர்கள். என் புதுப் பாட்டு தயார். பாடத்தான் யாரும் வருவதில்லை.