அம்மா ஏறிய அலை

அம்மா இத்தாலியிலிருந்து முதல்முறை லீவில் வந்தபோது எனக்குப் பத்து வயது. மூன்று வருடங்களுக்குப் பிறகு முப்பது நாள். அங்கே வயதான ஒரு பெண்ணைப் பராமரிக்கும் வேலை. அந்தப் பெண்ணின் மகன் நல்லவன், கேட்டதும் லீவு தந்துவிட்டான் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். நான் புகழவில்லை. முதல் நான்கு நாளை விருந்தாளிகள் தின்று தீர்த்தார்கள். அடுத்த மூன்று நாள் அம்மா நித்திரை கொண்டார். அதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. அம்மா இல்லாத நாட்களில் அப்பாவின் அக்கா, என் மாமி, எங்களோடு இருந்து என்னைப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்குப் பொல்கொடை வாவியில் படகோட்டும் வேலை. கால் இரண்டையும் ஒரு பலகையில் பூட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, படகின் பின்னால் சறுக்கிப் போகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு வருகிற வெளிநாட்டுக்காரரையும் கொழும்பு ஏழாம் வட்டாரத்துப் பணக்காரப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போவார்.

அந்தப் படகு வேகத்துக்காகச் செய்தது அல்ல, அலைக்காகச் செய்தது. பின் இருக்கைகளுக்குக் கீழே இரண்டு, முன்னால் ஒன்று என மூன்று பெரிய தண்ணீர்ப் பைகள் இருந்தன. ஓட்டுநரின் பக்கத்தில் மூன்று சுவிட்ச். போட்டால் வாவித் தண்ணீரை உறிஞ்சிப் பை நிரம்பும். பின்னால் பாரம் ஏறினால் படகின் பின்புறம் தாழ்ந்து, அலை செங்குத்தாக எழும்பும். முன்னால் ஏற்றினால் அலை நீண்டு, சாய்ந்து, சாதுவாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் கூடினால் அந்தப் பக்கத்து அலை கூராக நிற்கும், மற்றது நுரைத்துக் கலங்கிப்போகும். பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவோடு போவேன். பைகளை நிரப்பிய பிறகும் அலை கொஞ்சம் கோணினால், அந்தக் கடைசித் திருத்தத்துக்கு என்னைப் பாவிப்பார்.

“மகள், இடப்பக்கம் தள்ளி இருங்கோ.”

நான் தள்ளி உட்காருவேன். அலை நேராகும். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பெருமை வேறு இருக்கவில்லை.

அம்மாவின் லீவில் பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தபோது அவர் அப்பாவிடம், “நீங்கள் செய்யிற வேலைய நான் ஒரு நாளும் பாக்கேல்லயே,” என்றார். அப்பா அன்றைக்கே படகின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டார். திங்கட்கிழமை வாடிக்கையாளர் குறைவு, கூட்டிக்கொண்டு வா என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு யோசனை வந்ததும் அப்போதுதான். எதிர்வீட்டு அங்கிள் கட்டாருக்குப் போக இருந்தவர். படியில் சறுக்கி விழுந்து காலில் பிளாஸ்டர் போட்டதால் பயணம் தள்ளிப்போய், அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மாதமாகத் தகப்பனோடு கெரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கால் உடைந்தவர்களை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதைச் சட்டம் என்றே நான் நம்பினேன்.

கோட்டையில் ரயில் ஏறினோம். வெள்ளவத்தை தாண்டிக் கடலை ஒட்டி ஓடும்போது அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்ப கிழவி எழும்பியிருக்கும்,” என்றார். நான் எத்தனை மணிக்கு எழும்புகிறேன் என்று இந்த மூன்று வருடமும் யார் பார்த்தார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். மனதில் மிச்சமிருந்த தயக்கம் அதோடு போயிற்று.

வாவியில் அப்பா அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பட்டிகளை இழுத்து இறுக்கினார். பிறகு திரும்பவும் இறுக்கினார். மூன்று பைகளையும் வெறுமையாக்கினார். அலை தண்ணீரில் விழுந்த ஒரு மடிப்பு அளவுக்குத்தான் இருந்தது. அம்மா எழும்ப முயன்று முகம் குப்புற விழுந்தார். திரும்பவும் விழுந்தார். தண்ணீர் குடித்து இருமி இருமிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“கயிற்றை நீர் இழுக்கவேண்டாம். போட் உம்மை இழுக்கட்டும். முழங்காலை மடிச்சுக்கொண்டு சும்மா இரும்,” என்று சொல்லி அப்பாவும் தண்ணீருக்குள் இறங்கி, அம்மாவின் பக்கத்தில் மிதந்தபடி காட்டிக்கொடுத்தார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். பின்பக்க வலது பைக்கான சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் உறுமலில் பம்பின் சத்தம் கேட்கவில்லை. சிவப்பாக எரிந்த சின்ன விளக்கின் மேல், தலை துவட்டக் கொண்டுவந்த என் துவாயைப் போட்டுவிட்டு, பின்னால் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஈரத்தோடு ஏறி வந்து இருக்கையில் அமர்ந்ததும் படகு வலப்பக்கம் சரிந்தது. தானும் நானும் ஒரே பக்கம் இருப்பதால் என்று நினைத்திருக்கவேண்டும். வழக்கம்போல, “மகள், அந்தப் பக்கம் போங்கோ,” என்றார். போனேன். என் பாரம் போதவில்லை.

அம்மா எழும்பிவிட்டார். கைகளை நீட்டி, வாயைத் திறந்து, தண்ணீரின் மேல் நின்றுகொண்டு வந்தார். “பாருங்கோ! நிக்கிறன்!” என்ற சத்தம் காற்றில் வந்தது. அப்படியே நேராக வந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. ஆனால் அம்மா வலப்பக்கம் சாய்ந்தார். தெரிந்து சாய்ந்தாரா, பலகைதான் கொண்டுபோனதா, தெரியாது. அங்கே அலை கூராக எழும்பி நின்றது. அம்மா அதில் ஏறி மேலே போனார். பலகைக்குக் கீழே அக்கரைத் தென்னைகளின் தலைகள் தெரிந்தன.

பிறகு பலகையின் ஓரம் தண்ணீரில் குத்தியது. அம்மா கத்திய சத்தம் நான் நினைத்து வைத்திருந்த எந்தச் சத்தத்தையும் போல இருக்கவில்லை. எனக்கு உடனே எல்லாவற்றையும் திருப்பி எடுக்கவேண்டும்போல் இருந்தது. “அம்மா, அம்மா” என்று கத்தினேன். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

அம்மாவைப் படகில் ஏற்றிக் கிடத்திய பிறகு எதையாவது போர்த்திவிடத் தேடி, என் துவாயை அப்பா எடுத்தார். கீழே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவிட்சை நிறுத்தினார். துவாயை அம்மாவின் தோளில் சுற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற முச்சக்கர வண்டியில் அம்மாவிடம், “பையில தண்ணி இருந்தத நான் கவனிக்கேல்ல. என்ர பிழை,” என்றார்.

கணுக்கால் எலும்பு வெடித்திருந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். அம்மா ஒரு வாரம் அப்பாவோடு நேரே கதைக்கவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்பதைக்கூட மாமியை விட்டுத்தான் கேட்டார். அப்பா அதையும் சகித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சந்தோசத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் அம்மா அதே கதிரையில் இருப்பார். என் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னிவிடுவார். பாணைக் கறியில் தோய்த்து ஊட்டிவிடக் கேட்டேன், ஊட்டிவிட்டார். பிளாஸ்டரில் என் பெயரை மூன்று நிறத்தில் எழுதினேன்.

ஐந்தாவது வாரம் இத்தாலியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மொழியில் இரண்டே சொல் சொல்லிவிட்டு போனை வைத்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கால் வலிக்கிறதாக்கும் என்று நான் மாமியிடம் போய்ச் சொன்னேன்.

“கால் இல்ல புள்ள. கிழவிக்கு வேற ஆளப் பிடிச்சிட்டாங்களாம்.”

“அப்ப அம்மா போகமாட்டாவோ?”

“போகாம? இனி வேற வீடு தேடிப் போகோணும். அது எப்பிடி வீடோ, எப்ப லீவு குடுப்பாங்களோ.”

அன்று பின்னேரம் அம்மாவின் கதிரைக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், துவாய், எதிர்வீட்டு அங்கிள், எல்லாம். அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

அம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

“நான் எவ்வளவு உசரம் போனனான், மகள்?”

“தென்னை மரத்தின்ர தலை தெரிஞ்சது.”

“மெய்யாவோ?” அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “மேல போகேக்க ஒரு செக்கன், ஒரே ஒரு செக்கன், எனக்கு ஒருத்தற்ற நினைப்பும் வரேல்ல. கிழவி, அப்பா, நீ, ஒருத்தரும் இல்ல. அப்பிடி எனக்கு ஒரு நாளும் இருந்ததில்ல.”

என் கையைப் பிடிக்க வந்தார். நான் இழுத்துக்கொண்டேன். நான் இவ்வளவு செய்து அவரை என்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரோ ஒரு செக்கனில் என்னை மறந்துவிட்டதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அன்று இரட்டைப் பின்னலை நானே அவிழ்த்தேன். அடுத்த நாளும் அம்மாவோடு கதைக்கவில்லை.

நான் எல்லாம் சொன்ன அன்றிரவு அம்மா அப்பாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டது மட்டும் தெரியும். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. பிளாஸ்டர் வெட்டிப் பத்தாம் நாள் அம்மா கொஞ்சம் நொண்டியபடி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குள் போனார். கிடைத்த புது வீட்டில் லீவு இலேசில் கிடைக்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது நான் அவருடைய காதுவரை வளர்ந்திருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். காணொளியில் தினமும் பார்க்கிறேன், தொட முடியாது.

கோபித்துக்கொண்டு நான் வீணாக்கிய அந்த ஒன்றரை நாளைத்தான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். ஒரு செக்கன் என்னை நினைக்கவில்லை என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை என்று, மூன்று வருடத்தில் மற்ற எல்லாச் செக்கனும் நினைத்துக்கொண்டே இருந்ததாகவும் அதே வாயால்தான் சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.