பதினோராம் பீப்பாவடியில் ஒரு வாங்கு

இதை நம்ப முடியாதவர்கள் ஜெர்மனியில் இருக்கும் ஹம் நகருக்கு ரயில் ஏறி வந்து யூட்டிடமே கேட்கலாம். ஆள் இருக்கிறான், உயிரோடு. நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுகிற துணிவும் எனக்கில்லை; உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்குவதென்றாலே மனைவியைத் துணைக்குக் கூப்பிடுகிறவன் நான்.

2003 கோடைகாலம். ஹம்மில் யூட் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில், பாசையூரில், அவனுடைய மனைவி குமுதினி. கலியாணம் முடித்துப் பதினொரு நாள்தான் ஒன்றாக இருந்தார்கள். அவளை ஜெர்மனிக்குக் கூப்பிட அன்ட்ராக் போட்டிருந்தான். அந்த விண்ணப்பத்தோடு நவம்பர் பதினைந்துக்குள் நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதாவது இன்னும் இரண்டு வருடம்.

கிடைத்த வேலை ஒரு திராட்சைத் தோட்டத்தில். ரைன் நதியிலிருந்து இரண்டு பள்ளத்தாக்குத் தள்ளி, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த தோட்டம் அது. தோர்ன் குடும்பம் 1720இலிருந்து அங்கே வைன் செய்கிறது. உலகத்துக்கு அது தெரியாது. உலகத்தை விடுங்கள், அந்த ஊர் மதுச்சாலையிலேயே பக்கத்து ஊர் வைனைத்தான் ஊற்றினார்கள். குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் ஒருவர்: ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, ஹெர் தோர்ன். யூட்டோ வைனை வாயில் வைக்காதவன். சைவக்காரன் மீன் சந்தையில் வேலைக்குச் சேர்ந்த கதைதான்.

இரண்டு மாதம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பேசிய சொற்களை எல்லாம் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். தமிழ் கதைக்க ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டை மட்டும்தான் இருந்தது. அது முடிந்த பிறகு யூட் பீப்பாக்களோடு கதைத்தான். "என்ன மச்சான், இண்டைக்கு வயிறு சரியில்லையோ?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்பான். பதினொரு மரப் பீப்பா. உள்ளே திராட்சைச் சாறு புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது. மூடிமேல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய். அதன் வழியே வாயு வெளியேறும்போது ப்ளுக்... ப்ளுக்... என்று சத்தம் வரும். அதுதான் அவர்கள் சொல்லும் பதில்.

நுரைப்பு நல்லபடியாக முடிந்தால் ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தார் தோர்ன். யூட்டின் வேலை, காலையும் மாலையும் நிலவறைக்கு இறங்கி ஒவ்வொரு பீப்பாவின் சூட்டையும் பார்த்து அதன்மேலேயே சுண்ணக்கட்டியால் குறிப்பது.

"மெழுகுதிரி இங்கே," என்று தோர்ன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "அணைந்தால் வெளியே ஓடு."

"ஏன் முழங்கால்?"

"அந்த வாயு பாரம். தண்ணீர்போலக் கீழே நிற்கும். நச்சு."

யூட் தலையாட்டினான். தலைதான் ஆடியது, கை கேட்கவில்லை. ஐந்து வயதிலிருந்து அந்தோனியார் கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மெழுகுதிரி பிடித்துப் பழகிய கை அது. திரி நெஞ்சுக்கு நேரே இருக்கும், மற்றக் கை சுடருக்கு அணையாக நிற்கும். எங்கள் ஆட்களிடம் திரியைக் கொடுத்தால் வேறெப்படிப் பிடிப்பார்கள்? அது அணைந்தால் ஓடுவார்களா? அபசகுனம் என்று உடனே திருப்பிக் கொளுத்துவார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒக்டோபர் 16, வியாழக்கிழமை. முதுகுவலிக்கு வைத்தியரிடம் போன தோர்ன் எட்டு மணிக்குத்தான் வருவார். வீட்டில் யூட் மட்டும்.

மாலை 5.41. கதவைத் திறந்து இருபத்தேழு படி இறங்கினான். திரி நெஞ்சுக்கு நேரே நின்றது.

ப்ளுக்... ப்ளுக்...

5.47. ஒன்பதாம் பீப்பா. இன்றைய சூடு ஏற்கெனவே குறித்திருந்தது. பதினேழு. ஜெர்மன்காரர் ஏழின் இடுப்பில் ஒரு கோடு போடுவார்கள். இதில் கோடில்லை. எங்கள் ஏழு. காலையில் நானே எழுதியிருப்பேன் என்று நினைத்தான். காலையில் அவன் ஒன்பதுக்கு எழுதியது பதினாறு.

5.49. சத்தம் நின்றது. பதினொன்றும். ஒரே நேரத்தில்.

"வாங்கோ தம்பி."

கடைசிப் பீப்பாவடியில் ஒரு தாழ்ந்த மரவாங்கு. அதில் ஒருவர் குந்தியிருந்தார். மெலிந்த ஆள், நாற்பது வயதிருக்கும். கையில் வெளிச்சம் இல்லை. இருட்டிலேயே இருந்திருக்கிறார்...

யூட்டுக்குப் பயம் வரவில்லை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு எதிரில் ஒரு தமிழ்க்குரல். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"அண்ணை! நீங்கள் இங்கயோ வேலை?"

"ஓம். கனகாலம்."

"எவடம்?"

"குருநகர். பேர் அருட்பிரகாசம்."

"ஐயோ, நான் பாசையூர்! நடந்து வாற தூரம்."

"அப்ப சண்டைக்காரர்தான்," என்று அவர் சிரித்தார். இரண்டு ஊருக்கும் பந்தாட்டத்தில் பழைய பகை. பிறகு கேட்டார்: "யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திட்டாங்களோ?"

"போன வருசமே திறந்தாச்சு. நான் அதாலதான் போய்க் கலியாணம் கட்டினனான்."

"ஓ... எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் வாங்கில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

"களைச்சுப்போனியள். இருங்கோ."

யூட் குனிந்தான். சுடர் அணைந்தது.

இருட்டு.

"இருங்கோவன்..." குரல் இப்போது காதடியில்.

நிமிர்ந்து லைட்டரைத் தட்டினான். திரி பற்றியது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"காத்துப்போல," என்றான் யூட். அங்கே காற்றே இல்லை.

"ஓம். இருங்கோ."

மறுபடியும் குனிந்தான். சுடர் இடுப்பளவுக்கு வந்தது. அணைந்தது. தலை சுற்றியது. வாயில் புளிப்பு.

நிமிர்ந்தான். கொளுத்தினான்.

அப்போதுதான் கால்களைப் பார்த்தான்.

தோர்ன் கொடுத்த பழைய சப்பாத்துத்தான் யூட்டின் காலில் இருந்தது. இடது காலில் கயிறு அறுந்து மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

அவர் காலிலும் அதே சப்பாத்து.

இடது காலில்... மஞ்சள் நூல்.

எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. பேயிடமும் வராது.

"வேலையை முடிச்சிட்டு... வாறன் அண்ணை. வந்து ஆறுதலா இருக்கிறன்."

"சத்தியமா?"

"ஓம்."

இருபத்தேழு படி. எண்ணவில்லை. 5.58.

பின்னால்...

ப்ளுக்.

ப்ளுக்.

இரவு 8.05. தோர்ன் வந்தபோது யூட் மேசையடியில் வெறுங்காலோடு இருந்தான். நடந்ததைத் தெரிந்த ஜெர்மனில் சொன்னான். தோர்ன் தொப்பியைக் கழற்றவே இல்லை.

"1999," என்றார். "அவனும் உன் நாட்டுக்காரன். அந்த வாங்கில் இருந்தபடியே செத்திருந்தான். திரியை உயரத்தில், சுவர் மாடத்தில் வைத்திருந்தான். நான் போனபோதும் அது எரிந்துகொண்டிருந்தது."

"பேர்?"

"கடதாசியில் கிருஷ்ணசாமி. பொலிஸ் தேடிப்போனால் உண்மையான கிருஷ்ணசாமி வேறு நகரத்தில் உயிரோடு இருந்தான். இவன் யாரென்று யாருக்கும் தெரியாது. இங்கேதான் புதைத்தோம். பேர் இல்லாமல்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ வந்திருப்பாயா?"

பிறகு தோர்ன் உள்ளே போய் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்தார், நுரைப்பு முடியும் முன்பே. நாளைக்கே கீழே மின்விசிறி பூட்டுவதாகவும் சொன்னார். "போக வேண்டுமென்றால் போ. குறை நினைக்கமாட்டேன்."

யூட் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். போனால் இன்னும் இரண்டு வருடம். கையெழுத்து வைத்தான்.

அருட்பிரகாசம் என்ற அந்தப் பெயரை மட்டும் அவனால் விட முடியவில்லை. எங்கோ ஒரு வீடு நான்கு வருடமாகச் செய்தி தெரியாமல் இருக்குமே. மறுநாளே குமுதினியிடம் சொன்னான். அவள் குருநகருக்கு நடந்துபோய் விசாரித்தாள். அருட்பிரகாசம் இருந்தது உண்மை. மனைவி நேசமலர். எண்ணும் கிடைத்தது. "சாவுச் செய்தியை நான் சொல்லமாட்டன், நீங்களே சொல்லுங்கோ," என்றுவிட்டாள் குமுதினி.

ஞாயிற்றுக்கிழமை, ஒக்டோபர் 19. பிற்பகல் 5.30. யூட் எண்ணை அழுத்தினான். சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தாளில் எழுதி வைத்திருந்தான்.

"அக்கா, நான் ஜெர்மனியிலயிருந்து யூட் கதைக்கிறன். உங்கட அவரைப் பற்றி..."

"ஓ, பாசையூர்த் தம்பியோ!" அந்தக் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "இவர் சொன்னவர்."

யூட் தாளைக் கீழே வைத்தான்.

"எப்ப அக்கா?"

"வியாழக்கிழமை. இங்க இரவு பத்து மணியிருக்கும்."

அங்கே பத்து என்றால் இங்கே ஆறு. தோர்ன் அப்போது வீட்டுக்கே வந்திருக்கவில்லை.

"ஒவ்வொரு ஐப்பசியும் ஒருக்கா ரெலிபோன் எடுப்பார், தம்பி. நம்பர் வராது. ஒரே இரைச்சல். ஏதோ கொதிக்கிற மாதிரி. தனிய இருக்கிறன், தனிய இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுவார். நாலு வருசமா அதைத்தான் கேட்டுக் கேட்டு அழுதனான்."

"அக்கா..."

"இந்தமுறைதான் சிரிச்சுக் கதைச்சவர். ஊர்ப்பொடியன் ஒருத்தன் வந்திருக்கிறான், வேலை முடிய வந்து என்னோட இருக்கிறன் எண்டு சத்தியம் பண்ணினவன், இனி எனக்குக் கவலையில்லை எண்டார்."

யூட் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"நல்லா இருப்பீங்கள், தம்பி. உங்களுக்கு அங்க நிரந்தர வேலையாமே?"