குமரன் அண்ணனிடம் அனுமதி கேட்ட செண்பகம் அக்கா

செண்பகம் அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று தொலைபேசி அழைப்பு வந்தபோது அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார். அன்று நான் ஒற்றைச் சடையோடு பள்ளிக்குப் போனேன். வில்லாபுரத்தில் எங்கள் தெருவினர் அவரை ‘ரத்தம் எடுக்க வார பிள்ளை’ என்பார்கள். அவர் ஆராய்ச்சியாளர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் குமரனுக்கு ஆட்டிசம், பேசமாட்டான். அவனைப் போன்றவர்களின் ரத்த செல்களை, எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து மிளகளவு நரம்புத்திசு உருண்டைகளை வளர்ப்பது அக்காவின் வேலை. கருவில் மூளை உருவாகத் தொடங்கும் விதத்தை அவற்றில் கவனிக்கலாம் என்பார்.

முதல்நாளே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனாலும் அக்கா ஊசி, குப்பி படங்களைக் காட்டி அண்ணனிடம் கேட்டார். அவன் படங்களைத் தள்ளிவிட்டான்.

“சரி குமரா, போயிட்டு வாரேன்.”

“நாங்கதான் சரின்னுட்டோமேம்மா” என்றார் அப்பா.

“கை அவனுது சித்தப்பா.”

மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினார். நான்காம் முறை அண்ணனே கையை நீட்டினான்.

ஒருநாள் அத்தை வழக்கம்போல அம்மாவைக் குத்தினார்: “மாசமா இருக்கையில கிரகணத்துல வெளிய போனா இப்படித்தான்.”

அக்கா சிரித்தார். “எம்புட்டுப் படிச்சும் எங்களுக்கே காரணம் முழுசாத் தெரியல. ஒங்களுக்கு மட்டும் எப்படி அத்தே தெரிஞ்சுச்சு? இவுக மேல பழி போடாதீக.”

அன்று அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் அத்தை மறுபடி வந்தார். “எடுத்தவளே போய்ச் சேந்துட்டா. நம்ம பிள்ளை ரத்தம் அங்க இருக்கக் கூடாதுண்ணே. அழிக்கச் சொல்லி எழுதிக் குடு.”

அப்பா எழுதத் தொடங்கினார். நான் தாளின்மேல் கையை வைத்தேன்.

“அண்ணனைக் கேட்டீங்களா?”

“அவனுக்கு என்னடி தெரியும்?” என்றார் அத்தை.

“கேட்டாத்தான தெரியும்!”

அப்பா என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். அவரோ பேனாவை மூடிவிட்டு, அண்ணன் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்த ஆய்வகத்தில் என்ன வளர்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். “இருக்கட்டுமா, வேணாமாப்பா?”

அண்ணன் இன்னும் பதில் தரவில்லை. அப்பா தினமும் கேட்கிறார்.

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காத்திருப்பைத்தான். அண்ணன் வேண்டாம் என்றால் அழிக்கட்டும். ஆனால் அதை அவனே தன் வழியில் சொல்லவேண்டும். அதுவரை அந்தத் தாளில் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன்.