மலை திரும்பிப் போகவில்லை

ஒரு கல்லில் நான் பொய்யாக அம்புக்குறி போட்டேன். அதை நம்பி என் சகலை தன் ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயம் எழுதியபோது, பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல் உள்ளங்கை அகலம்தான். வெள்ளியாய் மின்னும் காக்காப்பொன்னுக்கு நடுவே, இலந்தைப்பழ அளவில், கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு கார்னெட் மணி. இன்றும் கண்ணை மூடினால் அதன் பட்டைகள் தெரிகின்றன.

எண்பதுகளில் நானும் சகலையும் ஒரே கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தோம். அக்காளைக் கட்டியவன் நான், தங்கையைக் கட்டியவர் அவர். என் வீடு அம்பத்தூர் மேனாம்பேட்டில். மச்சினிக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை என்பதால் அவர்கள் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். சகலை நசரத்பேட்டை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் அச்சடித்தது போலத் தமிழ் பேசுவார். வெளியே வந்தால் ஊர்ப் பேச்சுதான். என்னிடம் முனைவர் பட்டம் இருந்தது, அவரிடம் இல்லை. அது இல்லாமல் எங்கள் துறைக்குத் தலைவராக முடியாது.

ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது நெல்லூர்ப் பக்கத்துப் பாறைகளை. இமயம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு நிலத்துண்டுகள் மோதி அங்கே ஒரு மலைத்தொடர் எழுந்தது. மலை தேய்ந்துபோய் இப்போது அதன் அடிவேர்தான் மிச்சம். மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் முதலில் பச்சை ஓடிய, ஏடு ஏடாகப் பிரியும் பாறை, பிறகு கறுப்புக் காக்காப்பொன், பிறகு கார்னெட், இன்னும் போனால் நீலக் கயனைட். மோதலில் எந்தப் பாறை எவ்வளவு ஆழம் அழுந்தி எவ்வளவு வெந்தது என்பதை இந்தக் கனிமங்களே பட்டை பட்டையாகச் சொல்லிவிடும்.

"இன்னா சார், லீவு போட்டு கல்லு பொறுக்கினு வர்ற?" என்று குவார்ட்டர்ஸில் கேலி செய்வார்கள். "மலை வெந்த கதைம்மா இது. இந்தாண்ட அரவேக்காடு, அந்தாண்ட நல்லா வெந்துகீது" என்பார்.

சுற்றியுள்ள பாறை நகர நகர, கார்னெட் உருண்டுகொண்டே வளரும். அதனால் உள்ளே சிக்கிய துகள்கள் கைமுறுக்கு போலச் சுழித்திருக்கும். கல்லை மெல்லிசாக இழைத்து நுண்ணோக்கியில் பார்த்து, சுழி எந்தப் பக்கம் என்பதை வைத்து எந்தப் பாறை எதன்மேல் ஏறியது என்று சொல்லலாம். ஆனால் கல் மலையில் எப்படி அமர்ந்திருந்தது என்று தெரிய வேண்டும். ஆகவே முதலில் கல்லின் மேல் வடக்கு நோக்கி அம்பு வரைய வேண்டும், அப்புறம்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

ஒரு விடுமுறையில் கல் எடுக்க நானும் அவருடன் போனேன். அன்று சகலை ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அந்தக் கார்னெட்டைக் கண்ட பரபரப்பில் அம்பு வரையாமலே தட்டிவிட்டேன். கல் பெயர்ந்து சரிவில் உருண்டது. திரும்ப வைத்துப் பார்த்தேன், எங்கேயும் பொருந்தவில்லை. உத்தேசமாக ஓர் அம்பு வரைந்தேன்.

"இன்னா கல்லு அண்ணாத்தே! ஊட்டாண்ட எடுத்துனு போயி பூஜை ரூம்ல வைக்கலாம் போல கீது!" என்றார் திரும்பி வந்த சகலை.

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மற்றக் கற்களெல்லாம் கிழக்குப் பாறை மேற்கின்மேல் ஏறியதாகச் சொல்ல, என் கல் மட்டும் எதிராகச் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். என் கை தவறாது என்று நம்பியதால் சகலை போடவில்லை. மோதி எழுந்த மலை பிற்பாடு சரிந்து திரும்பிப் போயிருக்கிறது என்று அழகான அத்தியாயம் எழுதினார். படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். ஆய்வேட்டைச் சோதித்தவர் அதே இடத்துக்கு ஆள் அனுப்பிக் கற்களை எடுக்கச் செய்தார். திரும்பிப் போனதற்கு ஒரு தடயமும் இல்லை. ஆய்வேடு திரும்பி வந்தது. சகலை அதைப் பரணில் போட்டுவிட்டார். சில வருடம் கழித்து நான் துறைத்தலைவர் ஆனேன். மாலை வாங்கி வந்து போட்டவர் அவர்.

அந்த மாலைக்குப் பிறகு தூக்கம் சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியில், கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும், எல்லோர் முன்னிலையிலும் அந்த அம்பு பொய் என்று சொல்லிவிட்டேன்.

மச்சினிதான் முதலில் பேசினாள். "இவ்ளோ வருசமா அது எங்க பரண்ல கெடக்குது. நீங்க வாரா வாரம் வந்து சாப்ட்டுனு போனீங்களே மாமா!"

சகலை தட்டில் கிடந்த எலும்பை ஓரமாக ஒதுக்கினார். "அப்ப மலை திரும்பிப் போவலியா?"

"இல்லை."

"சே. நல்ல கதையா இருந்திச்சே" என்று எழுந்து கை கழுவப் போனார். பல மாதம் என்னுடன் பேசவில்லை.

நான் அவருடைய ஆய்வு வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வயதுக்கு மரியாதை தராமல் திட்டினார், தகும். அந்த அத்தியாயத்தை நீக்கி மறுபடி கொடுக்கலாம் என்றார். சகலை மாட்டேன் என்றார். மச்சினி ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து இறக்கி அவர் மடியில் வைத்தாள். திருத்திக் கொடுத்தார், பட்டம் கிடைத்தது. நான் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தேன். "எழுதிக் குடுங்க. என் தங்கச்சி மூஞ்சில நான் முழிக்கணும்" என்றாள் என் மனைவி. சகலை துறைத்தலைவரானார்.

அந்த வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதே பக்கம் போனபோது என்னையும் அழைத்தார். மலையடியில் இறங்கியதும் பழக்கத்தில் சுத்தியலுக்குக் கை நீட்டினேன். அதை நகர்த்தி வைத்தார்.

"அண்ணாத்தே, நீங்க பஸ்ஸாண்டயே குந்துங்க. கொரங்கு தயிர்சாதத்தத் தூக்கினு பூடப்போவுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. புங்கமர நிழலில், கையில் குச்சியோடு, மாலை வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பொட்டலம்கூடக் குரங்குகளிடம் போகவில்லை.