என் ஓரகத்தி சொன்னதைத் திருப்பிச் சொன்ன நாள்

முருகன் அடியார்களே, நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. படித்து முடித்த பிறகும் என்மேல் உங்களுக்கு மரியாதை இருந்தால், நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

போன தை மாதம் என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சித்தி வந்து கூட நிக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். நைனா கிட்டயும் சொல்லிட்டேன்."

மிரட்டல் இல்லை. அவள் சொன்னால் செய்கிற ஜாதி.

சித்தி என்பது சுமதி. என் கொழுந்தனார் மனைவி, அதாவது என் ஓரகத்தி. திருத்தணியில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடும்பமும் இருக்கிறோம். வாசலில் குழாய் ஒன்றுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே என் குடத்தை அவள் நகர்த்தி வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு ஆறு வருஷம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்.

சமாதானம் பேச உறவுக்காரர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், டிபன் சாப்பிட்டார்கள், "ரெண்டு பேரும் விட்டுக் குடுத்துப் போங்கம்மா" என்றார்கள், ஏப்பம் விட்டுக்கொண்டே அரக்கோணம் ரயிலைப் பிடித்தார்கள். எங்களிடம் ஒரு கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை.

நான் செய்தது அதைவிடக் கேவலம். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி, நெய் விளக்கு ஏற்றி, "முருகா, அவள் நன்றாகப் படவேண்டும்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிவிட்டு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, பெரிய பக்தை மாதிரி இறங்கி வருவேன். தூ.

கவிதா அப்படிச் சொன்ன மறுநாள் மலையில் அழுதே விட்டேன். "எப்படியாவது அவளைக் கொண்டு வந்து நிறுத்து, என் பெண்ணின் கல்யாணம் நிற்கக் கூடாது" என்று கேட்டேன். வேலோடு வந்து அவளை அடக்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அனுப்பியது ஒரு டீச்சரை. கவிதா வேலை பார்க்கும் பள்ளியில் கவுன்சிலிங் பார்க்கும் ராதிகா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக் கடிகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கவிதா போய்ச் சுமதியையும் கூட்டிவந்து என் எதிரே உட்காரவைத்தாள்.

அவர் சொன்ன முறையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தி ஐந்து நிமிஷம் பேசவேண்டும். மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். பேசியவள் "ஆமாம், அதுதான்" என்று சொன்னால்தான் அடுத்தவள் முறை. எல்கேஜி குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போல் இருந்தது.

முதலில் சுமதி பேசினாள். நான் திருப்பிச் சொன்னேன்: "குடத்த நகத்துனது தப்புதான்னு சொல்றா."

"நான் குடத்தப் பத்தியே பேசல" என்றாள் சுமதி.

"நான் திமிர் புடிச்சவன்னு சொல்றா."

"அந்த வார்த்தைய அவங்க சொல்லலையேம்மா" என்றார் டீச்சர்.

உண்மை என்னவென்றால் நான் கேட்கவே இல்லை. ஐந்து நிமிஷமும் மனதுக்குள் பதில் தயார் செய்துகொண்டு இருந்தேன். டீச்சர் சுமதியை மறுபடி சொல்லச் சொன்னார். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்றுதான் காது கொடுத்தேன்.

கவிதாவுக்கு நாலு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. ஒன்பது மாதம் மணவூரில் என் அம்மா வீட்டில் இருந்தேன். சுமதி அங்கிருந்து ஆரம்பித்தாள்.

"புள்ளைய நான்தான் பாத்துக்கினு இருந்தேன். சோறு ஊட்டும்போதெல்லாம் அம்மா எங்கன்னு கேக்கும். அக்கா திரும்பி வந்ததும் மலைல மொட்ட போட்டோம். அங்க எல்லார் எதிர்லயும் அக்கா, 'தலையெல்லாம் பேனு, தாயில்லாப் புள்ள மாதிரி வுட்டு வெச்சிருக்கா'ன்னாங்க. அதுக்கப்புறம் அக்கா இன்னா பேசுனாலும் எனக்கு அதான் காதுல கேட்டுகினு இருக்குது."

அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. இருபது வருஷம் அவள் சுமந்ததை நான் மலையிலேயே மறந்துவிட்டு இறங்கியிருக்கிறேன். இப்போது அதை என் வாயாலேயே திரும்பச் சொல்லவேண்டும். "தாயில்லாப் புள்ள" என்ற இடத்தையும் விடவில்லை. சொல்லி முடித்தேன்.

"ஆங். அதான்" என்றாள் சுமதி.

என் முறை வந்தது. ஆறு வருஷத்துப் புகார் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நான் ஊர்லேர்ந்து வந்தன்னிக்கு புள்ள என்னப் பாத்து பயந்து உன் பொடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிச்சு. உன்னத்தான் அம்மான்னு கூப்புட்டுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு சுமதி."

அவள் ஒரே தடவையில், ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அதிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. சொல்லிவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா புள்ளைய கையில குடுத்துட்டு நான் நவுந்துகினு இருப்பேனேக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கவிதாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்தது சுமதி. நான் பக்கத்தில் நின்று ஊக்கு எடுத்துக் கொடுத்தேன். மணவறையில் அவள் வலதுபக்கம், நான் இடதுபக்கம்.

நான் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சுமதி போடும் காபியை இன்றும் என்னால் குடிக்க முடியாது. சண்டையும் வருகிறது. வந்தால் ஒருத்தி பேசுகிறோம், ஒருத்தி கேட்டதைச் சொல்கிறோம். பாதி சண்டை அதிலேயே அடங்கிவிடுகிறது.

ஆறு வருஷம் நான் மலையில் கொட்டிய குப்பையை முருகன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட முட்டாள் நான். நீங்களும் யாரையோ சபித்துக்கொண்டுதான் படியேறுகிறீர்கள், எனக்குத் தெரியும். பாதிப் படியில் இருந்தாலும் பரவாயில்லை, இறங்கிப் போங்கள். அந்த ஆளின் வாசலில் நின்று, "நீ சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். முருகன் கூடவே வருவான்.